சுட்டவர் யார் என்று கேட்கிறோம். துப்பாக்கி வந்த வழியை யார் கேட்பது?

ஹைதராபாத்: 2023 ஜூலை 31 அதிகாலை, ஜெய்ப்பூரிலிருந்து மும்பை சென்ட்ரல் நோக்கிச் சென்றுகொண்டிருந்த அதிவிரைவு ரயிலில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் ரயில்வே பாதுகாப்புப் படையின் உதவி சப்-இன்ஸ்பெக்டர். மற்ற மூவரும் பயணிகள், மூவருமே முஸ்லிம்கள். அந்த மூவரில் ஒருவர் ஹைதராபாத்தில் வாழ்ந்து வந்தவர். அவருடைய மனைவிக்குத் தெலங்கானா அரசு பின்னர் வேலையும் வீடும் அளித்தது.

சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அதே ரயிலில் பயணிகளின் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட, அதே படையைச் சேர்ந்த காவலர். பயன்படுத்தப்பட்டது பணிக்காக அரசு கொடுத்த தானியங்கி ரைபிள். அதில் கள்ளத் துப்பாக்கி இல்லை, கடத்தல் இல்லை, போலி உரிமமும் இல்லை.

ஹைதராபாத்தின் வடகிழக்கில் உள்ள மௌலா அலியில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருள் உண்டு. பாறைக் குன்றின் உச்சியில் உள்ள தர்காவால் அறியப்படும் இந்தப் பகுதி, ரயில் என்ஜின் பணிமனையும் தண்டவாளங்களும் சூழ்ந்த ரயில்வே ஊரும்கூட. ரயில்வே பாதுகாப்புப் படையினருக்கான பயிற்சி மையங்களுள் ஒன்று இங்கேதான் இயங்குகிறது. படைக்கு 4,208 காவலர்களையும் 452 சப்-இன்ஸ்பெக்டர்களையும் தேர்ந்தெடுக்க 2024-ல் அறிவிப்பு வெளியானது. இத்தகைய பயிற்சி மையங்களில் ஆயுதம் ஏந்தக் கற்கும் இளைஞர்கள், பின்னர் நள்ளிரவு ரயில்களில் தோளில் ரைபிளுடன் பெட்டி பெட்டியாக நடப்பார்கள்.

அந்த ரயிலில் நடந்ததை ஒட்டி நாடு முழுவதும் எழுந்த விவாதம் ஏறக்குறைய முழுவதுமாக மனிதரைப் பற்றியதாக இருந்தது. மத வெறுப்பா, மனநோயா, மேலதிகாரி மீதான கோபமா என்ற கேள்விகள் எழுந்தன. கேள்விகள் நியாயமானவையே. ஆனால் அந்த ரைபிள் அந்த மனிதரின் கையில் அந்த அதிகாலையில் ஏன் இருந்தது என்ற கேள்வி மிகச் சிலரிடமிருந்தே வந்தது.

நோய் பற்றிய அறிக்கையும் அதன் வாபசும்

உடன் பணியாற்றிய காவலரின் புகாரின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தமக்கு உடல்நலம் சரியில்லை, இடையில் இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். உதவி சப்-இன்ஸ்பெக்டர் அதை மேலிடத்துக்குத் தெரிவித்திருக்கிறார். மும்பை வரை பணியை முடிக்கும்படி பதில் வந்திருக்கிறது. அதன்பின் அவர் உடன் இருந்த காவலரின் கழுத்தை நெரித்து ரைபிளைப் பறித்ததாகவும், அது தம்முடையது அன்று என்று அறிந்து பிறகு தம்முடையதை வாங்கிக்கொண்டதாகவும் அந்தப் புகார் கூறுகிறது.

சம்பவம் நடந்து இரண்டு நாள்களில் ரயில்வே தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. கடைசியாக நடந்த வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு அத்தகைய நோய் எதுவும் கண்டறியப்படவில்லை. இப்போது சொல்லப்படும் சிகிச்சையை அவர் தாமாகவே பெற்று வந்தார் என்பது அதன் சாரம். சிறிது நேரத்தில் அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. படையிலிருந்து அவர் நீக்கப்பட்டபோது, அவர் மீது ஏற்கெனவே ஒழுங்கீனப் புகார்கள் இருந்ததாகச் செய்திகள் வெளியாகின. 2023 அக்டோபரில் ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவரது பிணை மனுவை மும்பை அமர்வு நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. குற்றத்தையும் மனநிலையையும் பற்றி முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

ஆனால் நீதிமன்றத்தின் முடிவுக்குக் காத்திராமலே ஒன்றைக் கூறலாம். இங்கே சொல்லப்படும் காரணங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒருவருக்கு வெறுப்பும் இருக்கலாம், நோயும் இருக்கலாம், களைப்பும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்த மனிதர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அஞ்சலக ஊழியருக்கு அந்த நிலை வந்தால் மேசையில் கோப்பு பறக்கும். இங்கே தோட்டா பறந்தது.

சட்டத்தின் 45-ஆவது பிரிவு

இந்தியாவின் ஆயுதச் சட்டம் கடுமையானது என்பதில் ஐயமில்லை. 1878-ல் ஆங்கிலேய அரசு இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தை அகற்றக் கொண்டுவந்த சட்டத்துக்கு மாற்றாக, சுதந்திர இந்தியா 1959-ல் தனது ஆயுதச் சட்டத்தை இயற்றியது. உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனநலம் குன்றியவர் என்று அதிகாரி கருதினால் உரிமத்தை மறுக்கலாம். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி விண்ணப்பதாரர் உடல்நலம், மனநலம் குறித்த மருத்துவச் சான்று தர வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும்.

2019-ல் வந்த திருத்தம் இதை மேலும் இறுக்கியது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. முதலில் ஒன்றே போதும் என்றுதான் மசோதாவில் இருந்தது. எதிர்ப்பு எழவே இரண்டானது. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்போருக்கும் விற்போருக்கும் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்றானது. திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவதற்கும் தனித் தண்டனை வந்தது.

இத்தனைக்கும் நடுவே அதே சட்டத்தின் 45-ஆவது பிரிவு இருக்கிறது. அரசு ஊழியர் தம் கடமையின் பகுதியாக ஆயுதம் வைத்திருப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. காவலர் ஒவ்வொருவரும் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று உரிமம் வாங்க முடியாது. ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். பயிர்க் காவலுக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி கேட்கும் விவசாயி மருத்துவச் சான்றுடன் வர வேண்டும் என்று பொதுச் சட்டம் சொல்கிறது. நெரிசல் மிகுந்த ரயில் பெட்டியில் தானியங்கி ரைபிளுடன் நடப்பவரின் தகுதியை முடிவு செய்வது, அந்தந்தப் படையின் உள் ஒழுங்கும் மேலதிகாரியின் கவனமும் மட்டுமே. அந்த ஒழுங்கு எப்படி வேலை செய்கிறது என்பது வெளியுலகுக்குத் தெரிவது, அது தவறும்போதுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2014 அக்டோபர் 8 அன்று கல்பாக்கத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தம் சக வீரர்கள் மூவரைப் பணித் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, அதே படையினர் பயிற்சி எடுத்த சுடுதளத்திலிருந்து தவறி வந்த தோட்டா, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான். முதல் சம்பவத்தில் மனிதர் மீது தவறு, இரண்டாவதில் இடத்தின் மீது தவறு என்று பிரித்துப் பேசலாம். இரண்டிலும் ஆயுதம் சட்டப்படியானது.

வெளியே பேசப்படாத எண்ணிக்கை இன்னொன்று. மத்திய ஆயுதப் படைகள், அசாம் ரைபிள்ஸ், தேசியப் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் 2020 முதல் 2024 வரை 730 பேர் தற்கொலை செய்துகொண்டதாக மத்திய உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. எல்லாமே துப்பாக்கியால் நிகழ்ந்தவை அல்ல. அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பியபின் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் என்ற குறிப்பு, மேலதிகாரிகள் எந்த நாள்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை இந்தக் கணக்கில் சேராது. அது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவது.

லேத் பட்டறை வழி

அரசு ஆயுதம் ஒரு வழி என்றால், ஹைதராபாத் நகரம் 2025-ல் அடுத்தடுத்துக் கண்டது மற்றொரு வழியை.

அவ்வாண்டு ஜனவரி 16 அன்று கர்நாடகத்தின் பீதரில் ஏ.டி.எம். பண வண்டி ஊழியரைச் சுட்டுக் கொன்று பணப்பெட்டியுடன் தப்பியவர்கள், அன்று மாலையே ஹைதராபாத் அஃப்சல்கஞ்சில் பயண நிறுவன ஊழியர் ஒருவரைச் சுட்டனர். பிப்ரவரி 1 அன்று கச்சிபவுலியில், தேடப்பட்டு வந்த திருடரைப் பிடிக்கச் சென்ற காவலர் குண்டடி பட்டார். ஜூலை 15 காலை மலக்பேட்டையில் நடைப்பயிற்சியில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் நிர்வாகி சந்து ராத்தோட், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 12 அன்று சந்தாநகர் நகைக்கடையில் புகுந்த கொள்ளையர் சுட்டதில் ஊழியர் காயமடைந்தார்.

இந்த நான்கும் நான்கு வகைக் குற்றங்கள்: கொள்ளை, தப்பியோட்டம், பகை, மீண்டும் கொள்ளை. செய்திகளும் அப்படியே வந்தன. எந்தக் கும்பல், என்ன முன்பகை, எத்தனை தனிப்படைகள் என்பன தலைப்புகளாயின. குற்றவாளி பிடிபட்டதும் "ஆயுதம் பறிமுதல்" என்ற இரண்டு சொற்களோடு துப்பாக்கியின் கதை முடிந்தது. அதைச் செய்தது யார், விற்றது யார், எந்த ரயிலில் எந்தப் பையில் வந்தது என்பன குற்றப்பத்திரிகையின் உள்பக்கங்களில் இருக்கலாம். பொதுவிவாதத்துக்கு அவை வருவதில்லை.

கள்ளத் துப்பாக்கிகளின் ஊற்று என்று காவல் துறையினர் வழக்கமாகச் சுட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று பீகாரின் முங்கேர். வங்க நவாப் மீர் காசிம் 1760-களின் தொடக்கத்தில் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறைகளை அமைத்த காலத்திலிருந்து துப்பாக்கித் தொழில் அந்த ஊரின் கைப்பழக்கம். மற்றொன்று மத்தியப் பிரதேசத்தின் கர்கோன், தார், பர்வானி பகுதி. தலைமுறைகளாகக் கொல்லுத் தொழில் செய்த சிக்லிகர் சமூகத்தினர் சிலரின் கைவினை, வேறு பிழைப்பு இல்லாத நிலையில் இந்தச் சந்தைக்குச் சென்றது. இரு இடங்களிலும் தேவையானது லேத் எந்திரமும் தேர்ந்த கையும்தான்.

முங்கேரை ஒட்டிய ஜமால்பூர், 1862-லேயே ரயில்வே பணிமனை அமைந்த ஊர். அங்கே 2018 ஆகஸ்டில் ஏ.கே.-47 ரைபிள்களுடன் ஒருவர் பிடிபட்டபோது விரிந்த வழக்கு, இந்த இரண்டு வழிகளும் சந்திக்கும் இடத்தைக் காட்டியது. ஜபல்பூரில் உள்ள ராணுவத்தின் மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து கழிக்கப்பட்ட ரைபிள்களின் பாகங்கள் வெளியே கடத்தப்பட்டு, ஓய்வுபெற்ற ஆயுதப் பழுதுநீக்குநர் ஒருவரால் மீண்டும் பொருத்தப்பட்டு, முங்கேருக்குச் சென்றன என்பதே குற்றச்சாட்டு. கிணற்றிலிருந்துகூட ரைபிள்கள் எடுக்கப்பட்டன. மொத்தம் 20-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. தேசியப் புலனாய்வு முகமை வழக்கை ஏற்றது. உரிமச் சட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் இந்தக் கசிவை அது தொட்டிருக்காது. இருப்புப் பதிவேட்டை ஒழுங்காகச் சரிபார்த்த ஒரு கணக்காளர் தொட்டிருப்பார்.

மௌலா அலியைச் சுற்றியும் இதே இரண்டு வசதிகள் உள்ளன: பட்டறையும் ரயிலும். மல்லாப்பூர், நாச்சாரம், குஷாய்குடா, சர்லபள்ளி எனத் தொழிற்பேட்டைகள் தொடர்கின்றன. அங்கே பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட சர்லபள்ளி ரயில் முனையம், நெடுந்தூர ரயில்களை இந்தப் பகுதியின் வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. துப்பாக்கி பீகாரிலிருந்து வந்தது என்று செய்தி வந்ததும், பீகாரிலிருந்து வந்த தொழிலாளி அனைவரும் சந்தேகத்துக்கு உரியவர் ஆகிவிடும் வழக்கம் தென்மாநில நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரே ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை தேடி வருகிறார்கள். யாரோ ஒருவர் பையில் இரும்பு வருகிறது. முகத்தைப் பார்த்துப் பிடிப்பது எளிது, வலையைத் தேடுவது கடினம். எளியதையே செய்தால் அடுத்த பை வரும்.

அமெரிக்க விவாதத்தின் நிழல்

துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றதும் நம் தொலைக்காட்சி விவாதங்கள் அமெரிக்காவை நோக்கித் திரும்பிவிடுகின்றன. அங்கே நிலைமை அடிப்படையிலேயே வேறு. ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதிசெய்தது. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2017-ல் அமெரிக்கக் குடிமக்களிடம் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருந்தன; மக்கள்தொகையைவிட அதிகம். 2023-ல் அங்கே துப்பாக்கியால் 46,728 பேர் இறந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பது இங்கே அதிகம் பேசப்படாத உண்மை.

"துப்பாக்கி கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான்" என்பது அங்கே துப்பாக்கி ஆதரவாளர்களின் வாதம். துப்பாக்கி உரிமை இல்லாத இந்தியாவில் நாம் அந்த வாதத்தை வாயால் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு வழக்கையும் அலசும்போது அதே வாதத்தைத்தான் பின்பற்றுகிறோம். மனிதரின் சாதி, மதம், ஊர், நோய், கடன் எல்லாம் அலசப்படுகின்றன. ஆயுதம் தானாக முளைத்தது போல விடப்படுகிறது.

அதே மதிப்பீட்டில் இந்தியாவைப் பற்றிய வரி இன்னும் கவனிக்கத்தக்கது. குடிமக்களிடம் இருப்பதாகக் கருதப்படும் 7 கோடியே 11 லட்சம் துப்பாக்கிகளில் பதிவு பெற்றவை 97 லட்சம் மட்டுமே. மீதி பதிவற்றவை. இது மதிப்பீடுதான், கூடவோ குறையவோ இருக்கலாம். என்றாலும் பாதியளவு பிழை இருந்தால்கூட, உரிமம் வழங்கும் மேசையில் மட்டும் நின்று நடத்தும் விவாதம் எவ்வளவு சிறிய பகுதியைப் பற்றியது என்பது விளங்கும்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்திருக்கிறது. உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2023 பிப்ரவரியில் உரிமமற்ற ஆயுதங்களைப் பற்றித் தானாக முன்வந்து கேள்வி எழுப்பிய நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு, அமெரிக்காவைப் போல இந்தியாவில் ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை அல்ல என்று சுட்டிக்காட்டியது. 2024 நவம்பரில், தலைமைச் செயலாளர் தலைமையில் ஒவ்வொரு மாநிலமும் குழு அமைத்து, உரிமமற்ற ஆயுத உற்பத்தியையும் விற்பனையையும் கடத்தலையும் ஒடுக்கச் செயல்திட்டம் வகுக்கும்படி நீதிமன்றம் பணித்தது. குழுக்கள் தண்டனையை மட்டும் பேசினால் பயன் குறைவு. ஆயுள் தண்டனை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் எத்தனை ஆயுதங்கள் பிடிபட்டன என்று கணக்குத் தருகிறது. பிடிபட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் எந்தப் பட்டறையில் பிறந்தது, அதன் தோட்டா எந்தத் தொழிற்சாலையில் வந்தது என்ற கணக்கே கொள்கைக்குத் தேவை. நாட்டுத் துப்பாக்கியை லேத்தில் கடைந்துவிடலாம். தரமான தோட்டாவை அப்படிக் கடைவது கடினம். எனவே தோட்டாவைத் தொடர்ந்து சென்றால், பெரும்பாலும் உரிமம் பெற்ற கடையோ அரசுக் கிடங்கோதான் தொடக்கப் புள்ளியாக அமையும்.

ரயில் பெட்டிக்குள் எந்த ஆயுதம்?

ரயில் காவலர்களின் கையில் தானியங்கி ரைபிள் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்தில் ஏ.கே. ரைபிள்களுடன் புகுந்த இருவரை எதிர்கொண்ட காவலர்களிடம் இருந்தவை பழைய .303 ரைபிள்களும் தடிகளும். அந்த நிலையத்தில் மட்டும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காவலருக்கு நவீன ஆயுதம் வேண்டும் என்ற கோரிக்கை அந்த இரவிலிருந்து வலுப்பெற்றது. அதில் பிழை இல்லை.

ஆனால் நிலையத்தின் நுழைவாயிலில் காவல் இருப்பதற்கும், படுக்கையில் உறங்கும் எழுபது பேருக்கு நடுவே நடப்பதற்கும் ஒரே ஆயுதம் பொருந்துமா என்பது வேறு கேள்வி. 2023 சம்பவத்துக்குப் பின் மும்பைப் பகுதி ரயில்களில் காவலுக்குச் செல்லும் படையினருக்கு ரைபிளுக்குப் பதில் கைத்துப்பாக்கி வழங்கும் முடிவு பற்றிச் செய்திகள் வெளியாகின. அந்தக் கொலைகளை ஒட்டி ஆயுதத்தைப் பற்றியே பேசிய அரிய செய்திகளுள் அதுவும் ஒன்று. அது சில நாள்களில் பின்பக்கத்துக்குப் போனது. முன்பக்கத்தில் அந்தக் காவலரின் மனநிலை பற்றிய வாதங்கள் தொடர்ந்தன.

உடல்நலம் சரியில்லை, இறங்கிக்கொள்கிறேன் என்று ஆயுதம் ஏந்திய ஒருவர் சொன்னால் முதலில் செய்ய வேண்டியது ஆயுதத்தை வாங்கிவைப்பது. அவர் சொல்வது உண்மையா, பணியைத் தட்டிக்கழிக்கிறாரா என்பதைப் பிறகு விசாரிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். நாடாளுமன்றம் கூட வேண்டாம். ரயில் காவலுக்குச் செல்லும் குழுவின் மூத்தவருக்கு அந்த அதிகாரமும், அடுத்த நிலையத்தில் மாற்றுக் காவலர் ஏறும் ஏற்பாடும் இருந்தால் போதும். மௌலா அலி போன்ற மையங்களில் பயிற்சியின் முதல் வாரத்தில் கற்றுத்தரக்கூடிய பாடம் இது. அன்று அதிகாலை அந்தக் காவலருக்குக் கிடைத்த பதில், மும்பை வரை பணியை முடித்துவிட்டு இறங்குங்கள் என்பதாக இருந்தது.